நைல் நாட்டுத் தெய்வங்கள் – 7: பெண்சிங்கத்தின் சினம்

பண்டைய எகிப்தின் சிங்கத் தெய்வங்களில் பெரும்பாலோர் தேவியர். ஆண் சிங்கம் மன்னனுக்கு உரியதாயிற்று. கிசாவின் ஸ்பிங்க்ஸில் சிங்க உடலின் மேல் இருப்பது அரசனின் தலை. கோயில்களிலோ பெண் உடலும் பெண்சிங்கத் தலையுமாகத் தேவியர் வீற்றிருந்தனர். வயல் முடிந்து பாலை தொடங்கும் விளிம்பு அவர்களின் எல்லை. பெனி ஹசனுக்குத் தெற்கே, பாலையிலிருந்து இறங்கும் ஒரு கணவாயில் பாகெத் என்ற சிங்கதேவிக்கு அரசி ஹட்செப்சுட் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தாள்.

இவர்களில் தலையாயவள் செக்மெத். மெம்பிஸ் நகரத் தெய்வமான ப்டாவின் துணைவி. சூரியக் கடவுள் ராவின் மகள். மூப்படைந்த ராவுக்கு எதிராக மனிதர்கள் சதி செய்தார்கள் என்கிறது முதலாம் சேத்தியின் கல்லறையில் பொறிக்கப்பட்ட கதை. ரா தன் கண்ணையே தேவியாக்கி ஏவினார். பாலைக்கு ஓடியவர்களை அவள் வேட்டையாடினாள். ஒரு நாள் கொலையிலேயே ராவுக்கு மனம் மாறியது, அவளுக்கு மாறவில்லை. நைலின் யானைத்தீவிலிருந்து காவிக்கல் வரவழைத்து அரைத்து, பார்லி பீரில் கலந்து, 7,000 சாடிகளை இரவோடிரவாக வயல்களில் கவிழ்த்தார்கள். விடிந்ததும் அதை இரத்தம் என்று குடித்தவள், போதையில் மனிதர்களை மறந்து திரும்பினாள். ஏவிய கடவுளாலேயே ஆணையிட்டு நிறுத்த முடியவில்லை, ஏமாற்றித்தான் தணிக்க முடிந்தது என்பதுதான் கதையின் சாரம். எகிப்தியர் அவளை வழிபட்ட முறையும் இதே வழியில்தான் சென்றது.

கொள்ளைநோயை அவளே அனுப்புகிறாள் என்று நம்பினார்கள். 360 நாளுக்குப் பின் ஆண்டின் கடைசியில் எஞ்சும் ஐந்து நாட்களில் அச்சம் உச்சத்தை எட்டும். மெல்லிய லினன் துணியில் தெய்வ உருவங்களை வரைந்து, மந்திரம் ஓதி, 12 முடிச்சிட்டுக் கழுத்தில் கட்டிக்கொள்வது ஒரு காப்பு முறை. நோயைத் தருபவளிடமே தீர்க்கும் வழியும் இருக்க வேண்டும் என்பதால், செக்மெத்தின் பூசாரிகள் வைத்தியத்திலும் தேர்ந்தவர்கள். ஏபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில் நாடி பார்ப்பவர்களாக வைத்தியரோடு சேர்த்து இவர்களும் சொல்லப்படுகிறார்கள்.

கி.மு. 1390 வாக்கில் அரியணை ஏறிய மூன்றாம் அமென்ஹோடெப் இந்த அச்சத்தைக் கல்லில் பெருக்கினார். தீப்ஸின் மேற்குக் கரையில் அவருடைய நினைவுக் கோயிலுக்காக நூற்றுக்கணக்கான செக்மெத் சிலைகள் கருங்கல்லில் செதுக்கப்பட்டன. முழங்காலில் ஊன்றிய கைகள், இடக்கையில் உயிர்ச் சின்னமான அங்க், தலைக்கு மேல் சூரிய வட்டு. நிற்கும் சிலைகளின் கையில் பாப்பிரஸ் தண்டு. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு சிலை என்பது திட்டமாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். மன்னரின் உடல்நலக் குறைவு காரணம் என்றும் ஒரு கருத்து உண்டு, சான்று போதவில்லை. பல சிலைகள் பின்னர் கர்னாக்கின் மூத் தேவி கோயிலுக்குப் போயின. டூரின் அருங்காட்சியகத்தில் மட்டும் 21 இருக்கின்றன.

பாஸ்டெட்டும் தொடக்கத்தில் பெண்சிங்கமே. பூனையாகச் சாந்தமடைந்தது வெகு காலம் கழித்துத்தான். அவளுடைய புபாஸ்டிஸ் திருவிழாவுக்கு ஆண்களும் பெண்களும் படகு படகாகப் போவார்கள் என்றும், ஆண்டின் மற்ற நாட்களை எல்லாம் சேர்த்தாலும் அந்த விழாவில் ஓடும் திராட்சை மதுவுக்கு ஈடாகாது என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். தேவியைத் தணித்த போதை இங்கே பக்தர்களுக்கும் வாய்த்தது.

ஆண் சிங்கத் தெய்வங்கள் இல்லாமல் இல்லை. பாஸ்டெட்டின் மகனாகச் சொல்லப்படும் மாஹெஸ், டெல்டாவின் லியோன்டோபோலிஸில் வழிபடப்பட்டார். அடிவானத்தைக் காக்கும் அக்கெர், முதுகோடு முதுகாக அமர்ந்த இரட்டைச் சிங்கமாக வரையப்பட்டார்.

ஆண் சிங்கம் முதன்மைத் தெய்வமாக எழுந்தது எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடானில் இருந்த குஷ் நாட்டில். அங்கே அபெதெமக் போர்க் கடவுள். நாகாவில் கி.பி. 1ஆம் நூற்றாண்டில் மன்னர் நடகமனியும் அரசி அமனிடோரேயும் அவருக்குக் கட்டிய கோயில் இன்றும் நிற்கிறது. முகப்பில் இருவரும் எதிரிகளை வெட்டி வீழ்த்துகிறார்கள். அவர்கள் காலடியில் சிங்கங்களும் பாய்கின்றன. பின்சுவரில் அபெதெமக்குக்கு மூன்று சிங்கத் தலை, நான்கு கை. முகப்பின் பக்கவாட்டு விளிம்பில் அவரே தாமரையிலிருந்து எழும் சிங்கமுகப் பாம்பு.