பின்குமிழைத் தூக்கி எறியாதீர்கள்

நர்சரியில் ‘கிரவுண்ட் ஆர்க்கிட்’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது ஸ்பேத்தோகுளாட்டிஸ் பிளிக்காட்டா என்ற செடியைத்தான். பூக்காத நாளில் பார்த்தால் யாரோ தொட்டியில் பாக்குக் கன்று நட்டு வைத்திருப்பதாகத் தோன்றும். இலை அப்படி மடிப்பு மடிப்பாக நீண்டிருக்கும். பூந்தண்டு எழும்பிவிட்டால் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரிந்துகொண்டே போகும். மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிடுகளுக்குச் செய்யும் உபசாரம் எதுவும் இதற்குத் தேவையில்லை. மண்ணில் நிற்கும், வெயில் தாங்கும், மாடித்தோட்டத்துக்கும் ஒத்துவரும்.

ஒரு செடியைப் பத்தாக்க, முதலில் அதன் அடியைப் பார்க்க வேண்டும். மண்மட்டத்தில் சின்ன வெங்காயத்தைவிடச் சற்றுப் பெரிய குமிழ்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். தாவரவியலில் இதைப் போலிக்குமிழ் என்பார்கள். தடித்துப்போன தண்டு இது, நீரும் மாவுச்சத்தும் சேமிக்கும் இடம். (நாட்டு மருந்துக்கடையில் சாலாமிசிரி என்று விற்பதும் ஒருவகைத் தரை ஆர்க்கிடின் கிழங்குதான். அதற்காகக் காடுகளில் தோண்டியே பல இனங்கள் அருகிப்போயின.) செடி எப்போதும் முன்பக்கமாகவே நகர்கிறது. இந்தப் பருவத்துக் குமிழின் அடியிலிருந்து அடுத்த பருவத்துக் குமிழ் புறப்படும். பின்னால் நிற்கும் பழைய குமிழ் இலை உதிர்ந்து, சுருங்கி, பார்ப்பதற்குச் செத்ததுபோல் கிடக்கும். அது சாகவில்லை. அதன் பக்கவாட்டில் ஒரு மொட்டு உறங்குகிறது. முன்னால் வளர்ச்சி நடக்கும்வரை அந்த மொட்டுக்கு வேலை வருவதில்லை. இணைப்பை அறுத்தால் வேலை வந்துவிடும்.

எனவே பிரிப்பது எளிது. பூத்து ஓய்ந்து, அடியில் புதுத் தளிர் தலைகாட்டும் சமயத்தில் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து எடுத்து, வேரில் ஒட்டிய மண்ணைத் தண்ணீரில் அலசுங்கள். முன்பக்கம் இரண்டு மூன்று குமிழ்களை ஒரு கூட்டமாக விட்டு, இடையிலுள்ள இணைப்பைக் கூரிய கத்தியால் அறுங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் முன்னால் நெருப்பில் காட்டி ஆறவிடுவது அவசியம். ஆர்க்கிட் வைரஸ்கள் கத்தி வழியாகவே ஊர் சுற்றுகின்றன. வெட்டுவாயில் மஞ்சள்தூள் தடவுவது நம் வீட்டு வழக்கம். பட்டைத்தூள் தடவுபவர்களும் உண்டு. அது வேரில் படக்கூடாது, வேரை உலர்த்திவிடும்.

நடும்போது குமிழைப் புதைக்காதீர்கள். பாதி வெளியே தெரிய வேண்டும். செங்கல் சில்லு, ஆற்றுமணல், இலைமக்கு, கொஞ்சம் கரித்துண்டு கலந்து, ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் இறங்குகிற கலவையாக இருந்தால் போதும். தனித்துவிட்ட பின்குமிழ்களை ஈரமணல் தட்டில் பாதி புதைத்து நிழலில் வையுங்கள். புதுத் தளிர் தன் சொந்த வேரை விடும்வரை தண்ணீரில் கை அடக்கம் வேண்டும். அழுகிப் போகும் குமிழ்களில் பெரும்பாலானவை பாசத்தால் அழுகியவை.

ஏற்காடு போன்ற குளிர்ந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பு: பாயஸ் டாங்கர்வில்லியே, தோட்டக்காரர்கள் ‘நன்ஸ் ஆர்க்கிட்’ என்பது. கடைசிப் பூ உதிர்ந்ததும் அதன் பூந்தண்டை வெட்டி, ஈரப்பாசி பரப்பிய தட்டில் படுக்க வைத்து, ஒளி ஊடுருவும் மூடி போட்டு நிழலில் விட்டால் கணுக்களிலிருந்து குட்டிச் செடிகள் கிளம்பும். தனி வேர் விட்டபின் பிரித்து நடலாம். குப்பைக்குப் போகிற தண்டு இது.

விதையை ஏன் இவ்வளவு நேரம் பேசவில்லை? பல ஸ்பேத்தோகுளாட்டிஸ் செடிகள் தேனீயின் உதவியில்லாமல் தன்மகரந்தத்திலேயே காய்பிடித்துவிடும். காய் வெடித்தால் பறப்பது தூசு. அதில் கருவுக்கென்று கட்டுச்சோறு கிடையாது. மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். இதை 1899-இல் கண்டுசொன்னவர் பிரான்சின் நோயல் பெர்னார்ட். பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரையும் தாது உப்பும் சேர்ந்த கடற்பாசிக் கூழே போதும் என்று 1922-இல் காட்டினார் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன். இன்றைய ஆர்க்கிட் வியாபாரத்துக்கு அடித்தளம் அந்தக் கூழ்தான். பிரஷர் குக்கரில் புட்டிகளைக் கிருமிநீக்கி வீட்டிலேயே இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சர்க்கரைக் கூழ் ஆர்க்கிடைவிடப் பூசணத்துக்கு இன்னும் பிடித்தமான சாப்பாடு. ஒரு நொடி மூடி திறந்திருந்தால் புட்டி முழுக்கப் பஞ்சு. முளைத்தாலும் பூப்பதற்கு ஆண்டுகள் ஆகும். முதல்முறை செய்பவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

அதே தூசு வெளியில் எவ்வளவு சாதிக்கும் என்பது வேறு கதை. 1883-இல் வெடித்து உயிர்கள் துடைத்தெறியப்பட்ட கிரகடோவா தீவில், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வந்து முளைத்த ஆர்க்கிடுகளில் ஸ்பேத்தோகுளாட்டிஸும் ஒன்று. காற்றுதான் கொண்டுவந்திருக்க வேண்டும். ஹவாயில் மனிதர் கொண்டுபோன செடி, தோட்டத்து வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் பரவிவிட்டது.

ஆகவே வீட்டில் விதையைச் சோதிக்க ஆசையிருந்தால், காயைத் தாய்ச்செடித் தொட்டியின் மேலேயே உதிர்த்துவிடுங்கள்; தேவையான பூஞ்சை அங்கே ஏற்கெனவே குடியிருக்க வாய்ப்பு அதிகம். மேல்மண் காயாமல், பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். சில மாதங்களுக்கு அந்தத் தொட்டியில் களை எடுப்பதை மட்டும் நிறுத்திவையுங்கள்: முளைத்த ஆர்க்கிட் கன்றுக்கும் புல்லுக்கும் ஆரம்பத்தில் வித்தியாசம் தெரியாது.