நன்னடத்தைப் பணியும் அதன் பயனும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. இளமைக் கல்வியின் இன்றியமையாமையை வற்புறுத்த எழுந்த இம்மொழி, சிலவேளைகளில் தவறியவரைக் கைவிடுதற்கு நியாயமாகவும் எடுத்தாளப்படுகின்றது. அதனை ஏற்க மறுத்து நாள்தோறும் உழைப்போர் ஒரு சாரார் உளர். குற்றஞ்செய்தோரைச் சிறைக்கு அனுப்பாது, நீதிமன்றக் கட்டளையின்படி சமூகத்தின் நடுவிலேயே வாழவிட்டுத் திருத்த முயலும் நன்னடத்தை உத்தியோகத்தர்களே அவர்கள். உழவன் தன் விளைவைக் களத்திற் காண்கிறான். தச்சன் தான் செய்த கதவைக் கையால் தொட்டுப் பார்க்கிறான். மனிதரின் மனமாற்றமோ அவ்வாறு காட்டக்கூடியதன்று. அவ்வாறாயின் இப்பணியாளர் தம் உழைப்பின் பொருளை எங்கே காண்பர்? விடை காண்பதற்கு இப்பணி தோன்றிய வரலாற்றை முதலில் அறிதல் நன்று.

நன்னடத்தைப் பணியின் முன்னோடியாகப் போற்றப்படுபவர் ஒரு சட்ட அறிஞரோ அரச அலுவலரோ அல்லர். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிற் சப்பாத்துத் தைத்து வாழ்ந்த யோன் ஒகஸ்ரஸ் என்பவரே அவர். 1841ஆம் ஆண்டு அந்நகரப் பொலிஸ் நீதிமன்றத்திற் குடிகாரன் ஒருவன் தண்டனை பெறும் நிலையில் நின்றான். அவனோடு உரையாடிய ஒகஸ்ரஸ், குடியை விடும் விருப்பம் அவனிடத்து உண்டென உணர்ந்து, அவனுக்குப் பிணை நின்றார். மூன்று வாரங்களின்பின் அவன் மீண்டும் மன்றுக்கு வந்தபோது, அவனது தோற்றமே மாறியிருந்தது. சிறைத் தண்டனைக்குப் பதிலாக ஒரு சதம் தண்டமும் வழக்குச் செலவுமே நீதிபதி விதித்தார். அன்று தொடங்கி 1858ஆம் ஆண்டு வரையில் 1,152 ஆடவருக்கும் 794 பெண்டிருக்கும் ஒகஸ்ரஸ் பிணை நின்றார். இதற்காக அவர் ஊதியம் பெற்றாரல்லர். அவரது தொழிலும் நலிந்தது. சிறைப்படுவோர் தொகைக்கேற்பக் கட்டணம் பெற்றுவந்த நீதிமன்ற ஊழியரின் பகைமையையும் அவர் தாங்கவேண்டியதாயிற்று. எனினும் கண்மூடி எவர்க்கும் அவர் பிணை நின்றதில்லை. ஒருவரின் முன்னைய நடத்தை, வயது, இனி அவர் வாழப்போகும் சூழல் ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே பொறுப்பேற்றார்.

1859இல் அவர் மறைந்தார். 1878இல் மசச்சூசெற்ஸ் மாநிலம் சம்பளம் பெறும் நன்னடத்தை அலுவலரை நியமிக்கச் சட்டமியற்றியது. இங்கிலாந்திலோ இப்பணி வேறு வழியில் வளர்ந்தது. சிறு குற்றத்திற்காக ஒருமுறை சிறைசென்றவர் மீண்டும் மீண்டும் அங்கேயே செல்லும் அவலத்தைக் கண்டு வருந்திய பிரடெறிக் றெயினர் என்னும் அச்சுத் தொழிலாளர், 1876இல் ஐந்து சிலிங் நன்கொடையுடன் இங்கிலாந்துத் திருச்சபையின் மதுவொழிப்புச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக இலண்டன் நீதிமன்றங்களிற் சமயத் தொண்டர் பணியாற்றத் தொடங்கினர். அவர்தம் தொண்டுக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம் அரச வடிவம் தந்தது. நன்னடத்தை அலுவலரின் கடமையாக அச்சட்டம் மூன்று செயல்களைக் குறித்தது: ஆலோசனை கூறுதல், உதவி புரிதல், நட்புக் கொள்ளுதல். நட்பினைச் சட்டக் கடமையாக விதித்தமை வியப்புக்குரியதே.

இலங்கையில், குற்றவாளிகளின் நன்னடத்தை பற்றிய 1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இம்முறைக்கு வழி வகுத்தது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளுக்கெனத் தனித் திணைக்களம் 1956இல் அமைந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் மாகாண சபைகளும் இப்பொறுப்பினை ஏற்றன. சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர் மட்டுமன்றி, பாதுகாப்பு வேண்டிநிற்கும் சிறுவரும் இங்குள்ள உத்தியோகத்தரின் கவனத்துக்கு உரியோராவர்.

இவ்வுத்தியோகத்தரின் பணி இரு நிலைகளில் நிகழ்கின்றது. தீர்ப்புக்கு முன்னர், குற்றஞ்சாட்டப்பட்டவரின் குடும்பம், கல்வி, தொழில், கூட்டுறவு முதலியவற்றை ஆராய்ந்து மன்றுக்கு அறிக்கை சமர்ப்பித்தல் ஒன்று. கட்டளை பிறந்தபின், குறித்த காலம் வரை அவரைச் சந்தித்தும், வீட்டாரோடு பேசியும், பள்ளியிலோ தொழிலிலோ அவர் நிலைபெற உதவியும் வருதல் மற்றொன்று. நிபந்தனைகளை அவர் மீறுவராயின் அதனை மன்றுக்கு அறிவிப்பதும் அதே உத்தியோகத்தரின் கடமையே. ஆகவே ஒருவரே நண்பராகவும் காவலராகவும் நிற்கவேண்டியுள்ளது. நட்பு மிகின் கடமை தளரும். கண்டிப்பு மிகின் எதிரே இருப்பவர் உண்மையை மறைப்பார். இவ்விரண்டையும் ஒருங்கே தாங்குதலே இப்பணியின் அருமை.

இவ்வுழைப்பு உண்மையிற் பயன் தருமா என்னும் ஐயம் அறிஞரிடையே எழாமலில்லை. குற்றவாளிகளைத் திருத்தும் முயற்சிகளை ஆராய்ந்து 1974இல் றொபேட் மாட்டின்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் எழுதிய கட்டுரை, எதுவும் பயன் தராது என்னும் கருத்துப் பரவக் காரணமாயிற்று. 1979இல் அவரே தம் முடிவைத் திருத்திச் சில முயற்சிகள் பயன் தருவதை ஒப்புக்கொண்டார். எனினும் முந்திய கட்டுரை பெற்ற செல்வாக்கைப் பிந்தியது பெறவில்லை. பின்னர், லிவர்பூல் நகரிற் குற்றவாழ்வை விட்டோரையும் விடாதோரையும் செவ்வி கண்டு சாட் மறுணா 2001இல் வெளியிட்ட நூல் புதிய ஒளி தந்தது. திருந்தியோர் தம் கடந்தகாலத்தை மறைக்கவில்லை. அதற்குப் புதிய பொருள் கண்டனர். தம் உள்ளியல்பு நல்லதே என்றும், தம் துன்ப அனுபவம் பிறர்க்கு உதவக்கூடியது என்றும் கருதினர். அவர்தம் வரலாறுகளில், அவர் தம்மை நம்புமுன்னரே அவரை நம்பிய வேறொருவர் இடம்பெறுவதும் உண்டு.

இத்தகைய நம்பிக்கை ஒருநாளிற் பிறப்பதன்று. தொடர்ந்த பழக்கத்தால் வளர்வது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2014இல் நன்னடத்தைச் சேவையின் ஒரு பகுதி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. சிலர் தொலைபேசி வாயிலாக மட்டுமே மேற்பார்வை செய்யப்பட்டதைக் கண்காணிப்பகம் பின்னர்க் குறைகூறியது. 2021இல் அச்சேவை மீண்டும் அரசின்கீழ் ஒன்றாக்கப்பட்டது. முகம் பார்த்துப் பேசும் உறவுக்கு ஈடாக வேறெதனையும் வைத்தல் அரிது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

இப்போது தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை கூறலாம். தவறியவர் மீண்டும் தவறினால் அவர் நீதிமன்றத்துக்கு வருவார். அவருடைய கோப்பும் உத்தியோகத்தரின் மேசைக்குத் திரும்பும். திருந்தியவரோ தம் தொழிலையும் குடும்பத்தையும் பேணி, ஊரவருள் ஒருவராய்க் கலந்துவிடுவார். அவர் திரும்பி வருவதில்லை. ஆகவே இப்பணியில் தோல்வி கண்முன் நிற்கும். வெற்றி கண்ணுக்கு எட்டாது போகும். வெற்றிகளை எண்ணி மகிழ விரும்புபவர் இங்கே விரைவிற் சோர்வர். மேலும், மாற்றம் மாறுபவருக்கே உரிய சாதனை. உத்தியோகத்தர் அதனைத் தமதென்று உரிமை கொண்டாடுதல் முறையாகாது.

அவர்க்கு உரியது பிறிதொன்று. பிணை என்னும் தமிழ்ச் சொல் ஒருவருக்காகப் பொறுப்பேற்றலையும் குறிக்கும். ஒன்றோடொன்று கட்டுண்டு நிற்றலையும் குறிக்கும். ஒகஸ்ரஸ் பொஸ்ரன் மன்றிற் செய்தது இவ்விரு பொருளிலும் பிணை நின்றதேயாம். குற்றத்தைக் குற்றமென்றே கூறி, குற்றஞ்செய்தவரை அக்குற்றத்தோடு மட்டும் ஒன்றாக்கிவிடாது, பலமுறை ஏமாற்றமடைந்த பின்னரும் அடுத்துவரும் ஒருவருக்காக அதே கவனத்துடன் மன்றின்முன் பேசுதல் உத்தியோகத்தரால் இயல்வது. முடிவு எவ்வாறாயினும் அச்செயல் வீணாவதில்லை. நன்னடத்தைப் பணியின் பொருள் அதன்கண் உள்ளது.