அப்பா நித்திரை, ஆம்ப் முழு வொலியூம்

இந்த வார எபிசோடில் டியூப் கிட்டார் ஆம்ப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, நேரம் போதாமல் பாதியில விட்டுட்டோம். "பவரைக் குறைக்கிற குமிழ் என்று சொன்னியே, அது வொலியூம் குமிழ்தானே?" என்று கேட்டவர்களுக்காக மிச்சத்தை இங்கே எழுதுறேன். இல்லை, ரெண்டும் ஒன்றில்லை. அந்த வித்தியாசம் விளங்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடிச்சது.

முதல்ல என் பிரச்சினை. எங்கட வீடு ஸ்காபரோவில. அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட். காலையில வந்து படுத்தால் பின்னேரம் வரைக்கும் நித்திரை. அவருடைய கட்டிலுக்கு நேர் கீழே, பேஸ்மென்ட்டில, என் கிட்டார். எனக்கு வகுப்பு இல்லாத நேரமும் அவர் நித்திரை கொள்ளுற நேரமும் ஒன்றுதான். ஹெட்ஃபோன் போட்டு லாப்டாப்பில் ரெண்டு வருஷம் வாசிச்சேன். குறை சொல்ல மாட்டேன். ஆனால் நண்பன் வீட்டில ஒரு நாள் டியூப் ஆம்பில வாசிச்ச பிறகு, அந்த நினைப்பு போகவே இல்லை.

சத்தமா வைச்சால் மட்டும் ஏன் நல்லா இருக்கு?

டியூப் என்றது எங்கட தாத்தாமார் "வால்வு" என்று சொன்ன அதே சாமான். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு சூடான இழை, அதிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்களைக் கட்டுப்படுத்தும் ஒரு வலை. மெதுவாத் தட்டினால் ஒலி சுத்தமா வரும். பலமாத் தட்டி அதன் எல்லைக்குத் தள்ளினால், ஒலி அலையின் உச்சி மழுங்கத் தொடங்கும். அந்த மழுங்கல்தான் ராக் கிட்டாரின் கரகரப்பு. விரலின் பலத்துக்கேற்ப அது கூடிக் குறையும். ஆம்ப் உன்னோட சேர்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், பவர் டியூப் அந்த எல்லையைத் தொடும்போது ஆம்ப் ஏற்கெனவே முழுப் பவரில் ஓடும். 1960களில் மேடை ஒலிபெருக்கிகள் சின்னவை. மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்க வேணும் என்றால் ஆம்பே கத்த வேணும். அதனால்தான் லண்டனில் ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப் வரைக்கும் போனார். ஒரு மண்டபத்துக்காகச் செய்த சாமானை நாங்கள் படுக்கையறையில வைச்சுக்கொண்டு திண்டாடுறோம்.

"அப்ப 5 வாட் ஆம்ப் வாங்கேன்!" நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனால் எங்கட காது கணக்குப் பார்க்கிற விதம் வேற. பவரைப் பத்தில் ஒன்றாக்கினால்தான் சத்தம் பாதியாகக் கேட்கும். 100 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் இடையில வித்தியாசம் ரெண்டு மடங்கு சத்தம், அவ்வளவுதான். 5 வாட் ஒரு நல்ல ஸ்பீக்கரில் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபலைத் தாண்டும். அப்பாவின் நித்திரைக்கு அது போதாது. நான் போக வேண்டிய இடம் அரை வாட்டுக்கும் கீழே.

மூன்று வழிகள்

ஒன்று, அட்டெனுவேட்டர். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில வைக்கிற பெட்டி. ஆம்ப் முழுப் பவரில் ஓடும். பெரும்பகுதியை இந்தப் பெட்டி சூடாக்கி வீணாக்கும். வேலை செய்யும், ஆனால் டியூப்கள் ஒவ்வொரு நாளும் மாரத்தான் ஓடுது.

ரெண்டாவது, சுவரிலிருந்து வருகிற கரண்டையே வேரியாக் வைச்சுக் குறைக்கிறது. எடி வான் ஹேலன் தன்னுடைய மார்ஷலுக்குச் செய்தது அதுதான். இதில் டியூபின் இழைக்குப் போக வேண்டிய 6.3 வோல்ட்டும் சேர்ந்து குறையும். இழை போதிய சூடு இல்லாமல் ஓடுவது டியூப்களுக்கு நல்லதில்லை.

மூன்றாவதுதான் எங்கட கதை. இழைக்கான வோல்ட்டேஜைத் தொடாமல், டியூப்களுக்குப் போகும் உயர் வோல்ட்டேஜை மட்டும் குறைக்கிறது. கனடாவைச் சேர்ந்த கெவின் ஓ'கானர் இதைப் "பவர் ஸ்கேலிங்" என்ற பெயரில் தன் புத்தகங்களில் விளக்கி, லண்டன் பவர் என்ற நிறுவனத்தின் மூலம் கிட்டாகவும் கொடுத்தார். அடிப்படை எளிது. உயர் வோல்ட்டேஜ் பாதையில் ஒரு மொஸ்ஃபெட், அதைக் கட்டுப்படுத்த ஒரு குமிழ். வோல்ட்டேஜைப் பாதியாக்கினால் பவர் கால் பங்குக்கு, அல்லது அதற்கும் கீழே போகும். டியூபின் எல்லையே கீழே இறங்கி வருவதால், சின்னச் சத்தத்திலேயே அது மழுங்கத் தொடங்கும். வொலியூம் குமிழ் டியூபுக்குள் போகிற சிக்னலைக் குறைக்குது. இந்தக் குமிழ் டியூபின் கூரையைக் குறைக்குது. வித்தியாசம் அதுதான்.

நான் செய்தது

ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1. 1950களின் மாணவர் ஆம்ப். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ரெக்டிஃபையருக்கு ஒரு 5ஒய்3. மொத்தம் மூன்று டியூப், ஏறத்தாழ 5 வாட். ட்ரான்ஸ்ஃபோமர்கள் ஹாமண்ட், அது எங்கட ஒன்ராறியோ கம்பனி, குவெல்ஃபில இருக்கு. சாம்பைத் தேர்ந்ததுக்குக் காரணம் இருக்கு. அதில் 6வி6 டியூபின் பயஸை ஒரு 470 ஓம் ரெசிஸ்டர் தானே பார்த்துக்கொள்ளும். வோல்ட்டேஜ் இறங்கினால் பயஸும் சேர்ந்து இறங்கும். பெரிய ஆம்புகள் பலவற்றில் பயஸுக்குத் தனி வோல்ட்டேஜ். அதையும் சேர்த்து இறக்காவிட்டால் டியூப் உறைஞ்ச மாதிரி அடங்கிப்போய் ஒலி அசிங்கமாகும். முதல் ஆம்புக்கு அந்தத் தலையிடி வேண்டாம்.

சோல்டர் பண்ணிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அப்பா கீழே வந்தார். ஊரில ரேடியோ திருத்துற கடையில கொஞ்சக் காலம் வேலை செய்தவர். எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "சீரிஸில பல்ப் போட்டனியோ?"

எனக்கு விளங்கேல்லை. மேலே போய் ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பையும் ஹோல்டரையும் கொண்டு வந்தார். ஆம்புக்குப் போகும் கரண்ட் அந்த பல்ப் வழியாகப் போகிற மாதிரி வயர் பண்ணினார். எல்லாம் சரியென்றால் பல்ப் ஒருக்கால் மின்னி மங்கும். எங்கேயாவது ஷோர்ட் என்றால் பல்ப் முழுசா எரியும், ஆம்ப் தப்பும்.

போட்டோம். பல்ப் முழுசா எரிஞ்சது. தப்பு என்னுடையதுதான். மொஸ்ஃபெட்டின் உலோக முதுகில் உயர் வோல்ட்டேஜ் இருக்கும். சூடு இறங்க அதை ஆம்பின் உலோகப் பெட்டியோடு இறுக்கும்போது நடுவில மைக்காத் தகடு வைக்க வேணும். நான் வைக்க மறந்துட்டேன்.

தகட்டை வைச்சு, ரெக்டிஃபையர் டியூபை மட்டும் செருகி மீண்டும் பார்த்தோம். வோல்ட்டேஜ் சரி. பிளக்கைக் கழற்றிவிட்டு உள்ளே கை வைக்கப் போனேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டு மல்டிமீட்டரை நீட்டினார். கப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல். பிளக் தரையில கிடக்குது.

"உனக்குக் கரண்ட் அடிச்சால் கொம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

செய்யப் போகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீங்க. கழற்றின பிறகும் கப்பாசிட்டர் ஆளைக் கொல்லும். ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக அதை வடிச்சு, மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கை வைக்க வேணும். கரண்ட் ஓடும்போது அளந்தால் ஒரு கை பொக்கெட்டுக்குள். ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்பை ஓட்டக் கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் போயிடும். தெரிஞ்ச ஒருவர் பக்கத்தில இல்லாமல் முதல் தரம் போடவே வேண்டாம்.

கோடு

ஆம்ப் முடிஞ்சதும் லீவு நாளொன்றில் அப்பாவே பரிசோதனைக்கு வந்தார். மேலே கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் கீழே வொலியூமை முழுசா வைச்சு, பவர் குமிழை மெல்ல மெல்ல ஏற்றினேன். அவருக்குக் கேட்டதும் காலால் தரையைத் தட்டினார். அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன்.

கோட்டுக்குக் கீழே ஒலி கொஞ்சம் மெலிஞ்சுதான் இருக்கு. குறைஞ்ச சத்தத்தில் எங்கட காதே தாழ்ந்த சுருதிகளைக் குறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டின விஷயம் அது. ஸ்பீக்கரின் கூம்பும் பெரிசா அசையாது. ஆனால் விரலுக்குக் கீழே அந்தக் கரகரப்பு உயிரோட இருக்கு. எனக்கு அது போதும்.

லீவு நாட்களில் அப்பா இப்ப தேத்தண்ணியோட கீழே வருவார். சுவிட்சைப் போட்டால் டியூப் சூடாகிச் சத்தம் வர கொஞ்ச நேரம் எடுக்கும். "அந்தக் காலத்து ரேடியோவும் இப்பிடித்தான், செய்திக்கு முன்னமே போட்டு வைக்க வேணும்" என்பார். பிறகு குமிழைப் பார்த்து, "இண்டைக்கு நான் முழிப்புத்தானே, கூட்டு" என்பார்.

அடுத்த எபிசோடில் இந்த ஆம்பை வாசிச்சே காட்டுறேன், கோட்டுக்குக் கீழேயும் மேலேயும். உங்கட வீட்டில யாராவது வால்வு ரேடியோ திருத்தியிருக்கினமா? கேட்டுப் பாருங்க. எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாமல் இருந்தது.