வாய் செத்த பிள்ளையும் வியாபாரத்தில் பிழைக்கும்



"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். வியாபாரத்தில் இருக்கும் நாம் இதை மற்றவர்களைவிட அதிகமாகவே நம்புகிறோம். கடைக்கு ஆள் எடுக்கும்போதும் சரி, மகனைக் கல்லாவில் உட்கார வைக்கும்போதும் சரி, முதலில் பார்ப்பது அவன் வாய்ப்பேச்சைத்தான்.

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஏனுங்ணா, பையன் பி.காம். முடிச்சுட்டானுங்க. கடையில உட்காரச் சொன்னா, ஆள் வந்ததும் தலையைக் குனிஞ்சுக்கறான். இந்த வாய் செத்த பையனை வெச்சுட்டு எப்படிங்க யாவாரம் பண்றது? பேசாம கடையை வாடகைக்கு விட்டுட்டு அவனை எங்காவது கம்பெனி வேலைக்கு அனுப்பிடலாம்னு இருக்கறனுங்க" என்றார்.

முப்பது வருடமாகக் கட்டிக் காத்த கடை. பையன் பேசவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மூடுவதா? அன்று அவரிடம் நான் சொன்னவற்றை, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நானும் ஒரு வாய் செத்த பிள்ளைதான்.

கிடங்கில் கற்ற பாடம்

பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு 1977-ல் கோவை ரங்கே கவுடர் வீதியில் ஒரு மொத்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆள் வந்தால் மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். விலை கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதலாளி ஒரு மாதம் பார்த்தார். "இவன் முன்கடைக்கு ஆக மாட்டான்" என்று சொல்லிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்.

அது எனக்குத் தண்டனையாக வந்த வரம். கிடங்கில் பேச வேண்டியதில்லை. பார்க்க வேண்டும், தொட வேண்டும், கேட்க வேண்டும். நன்றாகக் காய்ந்த குண்டு வத்தலை எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். ஈரம் இருந்தால் சத்தம் வராது. துவரம் பருப்பைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம். மல்லியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் மணம் எழ வேண்டும். இவற்றை யாரும் எனக்கு வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்ததால் கற்றுக்கொண்டேன்.

ஒரு நாள் வெளியூர் வியாபாரி ஒருவர் வத்தல் மூட்டைகளோடு வந்தார். நல்ல பேச்சுக்காரர். முதலாளியிடம் ஊர்க் கதை, கல்யாணக் கதை என்று பேசிக்கொண்டே மேல்வாயில் இருந்த சரக்கைக் காட்டி விலையை முடிக்கப் பார்த்தார். நான் மூட்டையின் அடிப்பக்கம் குத்தூசி விட்டு நாலு வத்தலை எடுத்துக் குலுக்கினேன். சத்தம் இல்லை. முதலாளி அருகில் போய், "அடியில ஈரமுங்க" என்று மட்டும் சொன்னேன். அன்று முதல் என்னைக் கேட்காமல் அவர் ஒரு மூட்டையும் இறக்கியதில்லை. அரை மணி நேரப் பேச்சை அந்த இரண்டு சொல் சாய்த்துவிட்டது.

பேசாமலே விலை முடியும் இடங்கள்

நம் கொங்கு நாட்டில் பேசாமல் வியாபாரம் செய்வது புதிதல்ல. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையிலும், காங்கேயம் பக்கம் கண்ணபுரம் சந்தையிலும், தரகர்கள் கையின் மேல் துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இருவருக்குத்தான் தெரியும். அங்கே உரக்கப் பேசுகிறவனுக்கு ஒரு லாபமும் இல்லை. மாட்டின் பல்லையும் சுழியையும் நடையையும் கவனித்தவனுக்கே லாபம்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம் மாநிலத்தின் முதல் கூடம் 1936-ல் திருப்பூரில் பருத்திக்காக ஏற்பட்டது. இத்தகைய கூடங்களில் நடக்கும் மறைமுக ஏலத்தில், வியாபாரிகள் ஒவ்வொரு குவியலையும் பார்த்து, தாங்கள் தரக்கூடிய விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். எல்லாச் சீட்டையும் பிரித்துப் பார்த்து அதிக விலை எழுதியவர் பெயரை அறிவிப்பார்கள். அதற்கு விவசாயி சம்மதிக்கலாம், மறுக்கலாம். இதில் வாய்ச்சவடாலுக்கு வேலையே இல்லை. சரக்கைச் சரியாகக் கணித்து எழுதத் தெரிந்தவரே நிற்பார்.

முப்பது ரூபாய் வழக்கு

கூச்சத்தால் தோற்று, அதே குணத்தால் ஜெயித்த ஒருவரை நம் எல்லோருக்கும் தெரியும். அவர் மகாத்மா காந்தி. லண்டனில் படித்த காலத்தில், எழுதி வைத்த பேச்சைக்கூடக் கூட்டத்தில் எழுந்து படிக்க முடியாமல் தவித்தவர். பாரிஸ்டராகி பம்பாயில் முதல் வழக்கு, முப்பது ரூபாய்க் கட்டணம். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்; தலை சுற்றியது; ஒரு கேள்வியும் வரவில்லை. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் 1893-ல் தென்னாப்பிரிக்கா போனது நம்மைப் போன்ற ஒரு வியாபாரியின் வழக்குக்காகத்தான். தாதா அப்துல்லா கம்பெனிக்கு இன்னொரு வணிகரிடமிருந்து 40,000 பவுன் வர வேண்டியிருந்தது. வழக்கு முழுவதும் பற்று வரவுக் கணக்கு. காந்திக்குக் கணக்கும் தெரியாது, 'பிராமிசரி நோட்டு' என்பதும் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசிச் சமாளிக்கவில்லை. கணக்கெழுதும் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். இரண்டு தரப்புக் காகிதங்களையும் வரி விடாமல் பார்த்தார். வழக்கின் விவரமெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

தன் கட்சிக்காரர் பக்கம் நியாயம் இருப்பதைக் கண்டார். ஆனால் எதிராளி உறவுக்காரர், ஒரே ஊர்க்காரர். வழக்கு நீண்டால் வக்கீல் செலவிலேயே இருவரும் அழிவார்கள் என்பதையும் கண்டார். இருவரையும் மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். 37,000 பவுனும் செலவும் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒரே தடவையில் கட்டச் சொன்னால் எதிராளி திவாலாகிவிடுவார். அதனால் நீண்ட தவணைக்குத் தன் கட்சிக்காரரையே இணங்க வைத்தார். இருவரும் மானத்தோடு தப்பினார்கள்.

தன் கூச்சம் தனக்குச் சொல்லைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றுத் தந்தது என்று அவரே பின்னால் சுயசரிதையில் எழுதினார். ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அவரைக் காப்பாற்றியது கூச்சம் மட்டுமல்ல. பேசாத நேரத்தில் அவர் படித்த கணக்குதான் காப்பாற்றியது.

மௌனம் நஷ்டமாகும் இடம்

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 1986-ல் சொந்தக் கடை தொடங்கினேன். கடன் கொடுப்பதில் கூச்சம் இல்லை. திருப்பிக் கேட்பதில்தான் கூச்சம். சில்லறை வியாபாரி ஒருவர் பதினான்காயிரம் ரூபாய் பாக்கி வைத்தார். இரண்டு முறை அவர் கடை வரை போய், ஆள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்காமலே திரும்பினேன். "அவராகத் தருவார்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் வக்கீலிடம் போனபோது, "மூன்று வருடம் தாண்டிவிட்டதே" என்றார்.

1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் பணத்துக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு முடியும் முன், பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு அவர் எழுத்தில் கையொப்பமிட்டுத் தந்தால், அந்தத் தேதியிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டு கிடைக்கும். நான் ஒரு கையெழுத்துக்கூட வாங்கவில்லை. அந்தக் காலத்தில் பதினான்காயிரம் எனக்குப் பெரிய தொகை. வீட்டு நகையை அடகு வைத்துத்தான் கொள்முதல் பண்ணினேன்.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டேன். வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தால் எழுத்தால் கேட்பது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, எல்லா வாடிக்கையாளருக்கும் பாக்கி விவரத்தைத் தபால் கார்டில் எழுதி அனுப்பினேன். நல்லவர், கெட்டவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் போனதால் யாருக்கும் வருத்தம் இல்லை. வருடம் ஒரு முறை பாக்கிக் கணக்கில் கையொப்பம் வாங்கினேன். இன்றைக்கு அதே வேலையை வாட்ஸ்அப்பில் செய்கிறோம். ஆனால் கையொப்பம் வாங்குவதை மட்டும் விடவில்லை.

கூச்சமுள்ளவர் கடைப்பிடிக்க வேண்டியவை

ஒன்று, கொள்முதலையும் கணக்கையும் கையில் எடுங்கள். ஜி.எஸ்.டி. வந்த 2017-க்குப் பிறகு இந்த வேலையின் மதிப்பு கூடியிருக்கிறது. நமக்குச் சரக்குக் கொடுத்தவர் பில்லைக் கணக்கில் காட்டாவிட்டால், நாம் கட்டிய வரியை நம்மால் கழித்துக்கொள்ள முடியாது. மாதாமாதம் பில்லையும் கணக்கையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்ப்பவன், கல்லாவில் சிரித்துப் பேசுபவனுக்குச் சமமாகச் சம்பாதித்துத் தருகிறான்.

இரண்டு, விலை பேசும்போது அவசரப்படாதீர்கள். விற்பவர் விலை சொன்னதும் பதில் சொல்லாமல் மாதிரியையே பார்த்துக்கொண்டிருங்கள். அந்த மௌனம் தாங்காமல் பல நேரம் அவரே ஒரு ரூபாய் இறங்குவார். கடைசியில் ஒரே விலை சொல்லுங்கள்; சொன்னதில் நில்லுங்கள்.

மூன்று, வாடிக்கையாளரின் தேவையை எழுதி வையுங்கள். எந்த வீட்டில் எந்த அரிசி, யாருக்கு எப்போது விசேஷம் என்பது தெரிந்தால், "போன தடவை வாங்கின பொன்னியே போடட்டுங்களா?" என்ற ஒரு கேள்வி போதும். பத்து நிமிட உபசாரத்தைவிட அது மனதில் நிற்கும்.

நான்கு, சொல்லியே தீர வேண்டிய மூன்று விஷயங்களை உடனே சொல்லிவிடுங்கள்: வர வேண்டிய பாக்கி, சரக்கில் உள்ள குறை, சொன்ன தேதியில் அனுப்ப முடியாமல் போவது. இம்மூன்றிலும் மௌனம் காப்பவருக்கு அடக்கமானவர் என்ற பெயர் கிடைக்காது. ஏமாற்றுக்காரர் என்ற பெயர்தான் கிடைக்கும்.

பெற்றோருக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பேசாத பையனை நாலு பேர் முன்னால் "ஊமை" என்று கேலி செய்யாதீர்கள். இருக்கிற நாலு வார்த்தையும் உள்ளே போய்விடும். அவனுக்குப் பொருந்தும் வேலையை முதலில் கொடுத்து, நாளுக்கு ஒரு போன், வாரத்துக்கு ஒரு வசூல் என்று பேச்சைப் பழக்குங்கள்.

நண்பர் கடையை வாடகைக்கு விடவில்லை. பையனிடம் கொள்முதல் கணக்கை ஒப்படைத்தார். பத்து நாள் முன்பு போன் செய்தார். எண்ணெய் பில் ஒன்று இரண்டு முறை பற்றெழுதப்பட்டு, பணமும் இரண்டு முறை போயிருந்ததைப் பையன் கண்டுபிடித்தானாம். "வாயைத் திறந்து சொன்னானா?" என்று கேட்டேன். "இல்லீங்ணா. ரெண்டு காகிதத்தையும் எம்முன்னால வெச்சுட்டு நின்னுக்கிட்டானுங்க" என்றார்.

அது போதும். அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் போனை மட்டும் பையனையே செய்யச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.