அனிதா பால்துரை: இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் முன்னாள் தலைவி

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 1985இல் பிறந்தார். தடகளத்திலும் கைப்பந்திலும் ஈடுபட்டிருந்த அவர், பள்ளிப் பருவத்திலேயே கூடைப்பந்துக்கு மாறினார். 2001இல் இந்திய மகளிர் அணியில் இடம்பெற்றார். 19 வயதில் அதன் தலைவியானார். அவ்வளவு இளம் வயதில் அப்பொறுப்பு அதற்குமுன் எவருக்கும் கிடைத்ததில்லை. ஆசிய வாகையர் போட்டிகள் ஒன்பதில் ஆடிய முதல் இந்திய வீராங்கனையும் இவரே.

இந்தியாவில் மகளிருக்கென நிலைத்த தொழில்முறை லீக் இல்லாத காலம் அது. ரயில்வே போன்ற அரசுத் துறைகளின் வேலையே ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது. அனிதாவும் தெற்கு ரயில்வே ஊழியராக இருந்தே ஆடினார்.

2013இல் தோஹாவில் நடந்த ஆசிய 3x3 போட்டியில் இந்திய மகளிர் தங்கம் வென்றனர்; அந்த அணியில் இவரும் இருந்தார். 3x3 ஆட்டத்தில் பாதித் திடல், ஒற்றைக் கூடை, அணிக்கு மூவர். பந்து கைக்கு வந்த 12 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். 10 நிமிடத்தில் ஆட்டம் முடியும். அதற்குள் 21 புள்ளி எடுக்கும் அணி அப்போதே வெல்லும். மூச்சுவிட நேரமில்லாத இந்த ஆட்டத்துக்கு வேகமும் சட்டென முடிவெடுக்கும் திறனும் வேண்டும்.

தாயான பின்னும் களத்துக்குத் திரும்பினார். அந்த மீள்வருகையே அவருடைய ஆட்ட வாழ்வின் அரிய பகுதி. 2017 ஜூலையில் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவு இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என வென்று, அவர் இடம்பெற்ற இந்திய அணி ‘ஏ’ பிரிவுக்கு உயர்ந்தது. அதே ஆண்டுடன் அவருடைய பன்னாட்டு ஆட்டம் நிறைவுற்றது. 2021இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.