கல்தூசியும் மூச்சிரைப்பும்



காஞ்சிபுரம் என்றதும் உங்களுக்குப் பட்டும் கோபுரமும்தான் நினைவுக்கு வரும். பட்டுக்கூட்டை வேகவைத்து நூல் எடுக்கும் இடங்களில் ஆஸ்துமா வருவதுண்டு. ஆனால் இங்குள்ள தறிகளுக்குப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து நூலாகவே வந்து சேருகிறது. தூசியினால் வரும் மூச்சிரைப்பைத் தேடினால், உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துக் கல் குவாரிகளையும் ஜல்லி கிரஷர்களையும்தான் பார்க்கவேண்டும். 2019 வரை இதே மாவட்டத்தில் இருந்த மாமல்லபுரத்தின் சிற்பக்கூடங்களும் இதில் சேரும். உளி மட்டும் இருந்த காலத்தில் கல் சில்லாகத் தெறித்தது. மின்சாரக் கிரைண்டர் வந்தபின் மாவாகப் பறக்கிறது.

நம் பக்கத்துக் கருங்கல்லில் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் கடைசி அறை வரை போகிறது. அங்கே அதை விழுங்கும் காவல் அணுக்கள் செத்துப்போக, அந்த இடம் தழும்பாகிறது. தழும்பு காற்றை வாங்காது. சிலிக்கோசிஸ் என்ற இந்நோய் பெரும்பாலும் பத்து வருடங்களுக்கு மேல் வேலை செய்தபின் தலைகாட்டும். தூசி மிக அதிகமானால் சில வருடங்களிலேயே வரும். வேலையை விட்டபிறகும் அது வளரக்கூடும். (வெல்லமும் வாழைப்பழமும் தூசியைக் கரைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அவை வயிற்றுக்குப் போகின்றன, நுரையீரலுக்கு அல்ல.)

இருமல், இளைப்பு, எடை குறைவு ஆகிய மூன்றும் காசநோயிலும் உண்டு. எக்ஸ்-ரே படமும் ஏமாற்றும். ஆகவே சளியில் கிருமி இல்லாதவர்கூட காசநோய் மருந்தைத் திரும்பத் திரும்பச் சாப்பிட நேரிடுகிறது. மறுபுறம், சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றுகிறது. ஆக, சளிப் பரிசோதனையும் வேண்டும், “இத்தனை வருடம் என்ன வேலை செய்தீர்கள் ஐயா?” என்ற கேள்வியும் வேண்டும். வட ஆற்காட்டிலிருந்து ஏராளமானோர் பிழைக்கப்போன கோலார் தங்கவயலில் 1940-களிலேயே இந்நோய் கண்டறியப்பட்டது. இருந்தும் அந்தக் கேள்வி இன்னும் பல இடங்களில் கேட்கப்படுவதில்லை.

தழும்பை மாற்றும் மருந்து இல்லை. ஆனால் மீதமுள்ள நுரையீரலை வைத்து வாழக் கற்றுக்கொடுக்கலாம். மூச்சு முட்டும்போது படுக்கக்கூடாது. உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றிக்கொள்ளவேண்டும். மூக்கினால் மெதுவாக இழுத்து, சூடான காப்பியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு பங்கு நேரம் வெளியே விடவேண்டும். குளிக்கும்போது முக்காலியில் உட்காரலாம். இளைக்கிறதே என்று நடையை விட்டுவிடக்கூடாது. கால் தசை மெலிந்தால் இளைப்பு இன்னும் கூடும். பீடியை விட்டே ஆகவேண்டும். வீட்டு விறகுப் புகையும் ஆகாது. “பம்ப் பழகிவிடும்” என்று பயப்படுகிறார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்தால், மாத்திரையைவிடக் குறைந்த அளவில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும் மருந்து அது. இன்புளுயன்சா, நிமோனியா தடுப்பூசிகளையும் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

முதல் மருந்து தூசியை விட்டு விலகுவதே. அதைச் சொல்வது எளிது. முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறவர் எங்கே விலகுவார்? ஆகவே கல்லை நனைத்து உடைக்கவும், தண்ணீர் விட்டு அறுக்கவும் முதலாளிகளிடம் கேட்கவேண்டியிருக்கிறது. முகத்தில் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 முகமூடி ஓரளவு காக்கும். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சிலிக்கோசிஸை மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக வைத்தது. இது நஷ்டஈடு கேட்கக்கூடிய தொழில்நோயும்கூட. ஆனால் வாரக்கூலி வாங்கினவர் கையில் வேலைக்கான சீட்டு ஏது? அதனால் எந்தக் குவாரி, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்பதை மருத்துவச் சீட்டிலேயே எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கி, பத்திரப்படுத்தவேண்டும்.

நீங்களும் வீடு கட்டும்போதோ, ஆலயத்துக்குத் தரை போடும்போதோ, கிரானைட் அறுக்கும் தம்பியைச் சற்றுக் கவனியுங்கள். வெள்ளைப் புகைபோலத் தூசி எழுந்தால், வேலையை நிறுத்தி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் குழாயும் கொண்டுவந்து வையுங்கள்.