மைக் வெப்ஸ்டர்: 17 பருவங்கள், கணக்கில் வராத அடிகள்

அமெரிக்கக் கால்பந்தில் பேரும் பணமும் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குக்குத்தான். பந்தை எறிபவர் அவர், ஆட்டத்தை நடத்துபவரும் அவரே. அவர் கையில் பந்தைச் சேர்ப்பவர் சென்டர். வரிசையின் நட்டநடுவில் குனிந்து நின்று, தரையில் இருக்கும் பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் கொடுப்பார். கொடுத்த அதே கணத்தில் எதிரணியின் மலை போன்ற ஆட்டக்காரர் ஒருவர் அவர்மேல் பாய்வார். அந்த வேகத்தைத் தலையாலும் தோளாலும் தாங்கி, பின்னால் இருப்பவர் பந்தை எறிய இரண்டு மூன்று விநாடி அவகாசம் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் இது அறுபது, எழுபது முறை நடக்கும். பயிற்சி நாள்களின் மோதல்கள் தனி.

மைக் வெப்ஸ்டர் இந்த வேலையை 17 பருவங்கள் செய்தார். 1952இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்து, உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவர். சென்டருக்கு வேண்டிய உடம்பு இல்லை என்று பலர் நினைத்ததால் 1974இல் அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்தபோது, ஐந்தாவது சுற்றில்தான் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி அவரை எடுத்தது. அந்த ஆண்டு அந்த அணி எடுத்த ஆட்டக்காரர்களில் நான்கு பேர் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் புகழரங்கில் இடம்பெற்றார்கள். வெப்ஸ்டர் அவர்களில் ஒருவர். சூப்பர் பௌல் என்னும் இறுதியாட்டத்தில் நான்கு வெற்றிகள், 245 ஆட்டங்கள், சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பௌலுக்கு ஒன்பது முறை தேர்வு. பிட்ஸ்பர்க்கின் உறைபனியிலும் கையில்லாச் சட்டை போல ஏற்றி மடித்த சட்டையோடு ஆடுவார். ‘இரும்பு மைக்’ என்று ரசிகர்கள் அழைத்தார்கள். கடைசி இரண்டு பருவங்களைக் கன்சாஸ் சிட்டி அணியில் ஆடி, 1990 பருவத்தோடு ஓய்வுபெற்றார்.

அதன்பின் நடந்தது வேகமான சரிவு. முதலீடுகளில் பணம் கரைந்தது. ஞாபகம் தடுமாறியது, தூக்கம் போயிற்று. சில காலம் தன் பிக்கப் வண்டியிலும் ரயில் நிலையத்திலும் இரவைக் கழித்தார். 1997இல் ஹால் ஆஃப் ஃபேம் மரியாதை கிடைத்தபோது அவருடைய நிலைமை இதுதான். 2002 செப்டம்பரில் மாரடைப்பால் இறந்தார். வயது 50.

உடல் அலெகெனி மாவட்டத்தின் பிரேதப் பரிசோதனை அலுவலகத்துக்கு வந்தது. அங்கே பணியில் இருந்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலுவுக்கு இந்த ஆட்டத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. வெளிப்பார்வைக்கு மூளை சரியாகவே இருந்தது. அதோடு விட்டுவிடாமல், மூளைத் திசுவை மெல்லிய சீவல்களாக்கிச் சொந்தச் செலவில் சோதிக்கச் செய்தார். நரம்பணுக்களில் டாவ் என்னும் புரதம் தாறுமாறாகப் படிந்திருந்தது. குத்துச்சண்டை வீரர்களிடம் முன்பே அறியப்பட்டிருந்த சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் அது. கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரிடம் அது கண்டறியப்பட்டதை 2005இல் நியூரோசர்ஜரி ஆய்விதழில் வெளியிட்டார்.

தலைக்கவசம் இருந்துமா என்று கேட்கலாம். கவசம் காப்பது மண்டையோட்டை. தயிர்ப் பானையைச் சுற்றி எத்தனை துணி கட்டினாலும், குலுக்கினால் உள்ளே தயிர் கலங்கத்தான் செய்யும். மயக்கம் போட்டு விழவைக்கும் பெரிய அடி மட்டுமே ஆபத்து என்ற எண்ணமும் தவறு. ஆளை வீழ்த்தாத, எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத சிறு மோதல்கள் ஆண்டுக்கணக்கில் சேர்வதே இந்த நோயின் வேர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சென்டரின் வேலையே அந்தச் சிறு மோதல்தான்.

எனக்கு நோயைவிட அதிர்ச்சி தருவது, இந்த ஆட்டத்தின் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு நடந்துகொண்ட விதம். அது 1994இல் அமைத்த மூளைக்காயக் குழுவுக்குத் தலைவர் ஒரு மூட்டுநோய் மருத்துவர். ஒமாலுவின் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அக்குழுவினர் ஆய்விதழுக்கு எழுதினார்கள், இதழ் மறுத்துவிட்டது. ஆனால் 1999இலேயே, அணி உரிமையாளர்களின் பிரதிநிதிகளும் இடம்பெற்ற ஓய்வூதிய வாரியம், ஆட்டத்தில் பட்ட தலைக்காயங்களால்தான் வெப்ஸ்டர் முழு ஊனமுற்றார் என்று ஏற்றிருந்தது. ஊனம் எந்த ஆண்டிலிருந்து என்பதில் மட்டும் பேரம் பேசியது. குடும்பம் நீதிமன்றம் போய் 2006இல் மேல்முறையீட்டிலும் வென்றது. ஒரு கை காசோலை எழுத, மறு கை மறுப்பு எழுதியிருக்கிறது.

2017இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் சோதித்த 111 என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110இல் சி.டி.இ. இருந்தது. இதை வைத்து ஆடிய எல்லோருக்கும் நோய் என்று சொல்லிவிடக் கூடாது. அறிகுறிகளைக் கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளைகளைக் கொடை அளித்தன. நோயை உறுதிசெய்ய இன்றும் இறப்புக்குப் பிந்தைய பரிசோதனை ஒன்றே வழி.

ஆட்டத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று என்.எஃப்.எல். மூத்த அதிகாரி ஒருவர் 2016இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இதுவரை நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வழங்க ஒப்புதலாகியிருக்கிறது. 2006 ஜனவரி 1க்கு முன் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு, நீதிமன்றம் தனியே விலக்கு அளித்தாலன்றி, அதில் இடமில்லை. வெப்ஸ்டர் இறந்தது 2002இல்.